மஜ்ஜை மாற்றுக்குப் பின் விழிக்கும் வைரஸ்: நீலகிரிக் குடும்பங்களோடு ஓர் ஆய்வாளரின் அனுபவம்

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை முடித்து மலைக்குத் திரும்பும் குடும்பத்தினர் என்னிடம் முதலில் கேட்பது, பழைய நோய் மறுபடியும் வந்துவிடுமா என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் நூறு நாட்களில் நோயாளியை மீண்டும் மருத்துவமனைப் படுக்கைக்குக் கொண்டுவருவது பல நேரங்களில் வேறொன்றாக இருக்கிறது. சிறுவயது முதல் அவருடைய உடலிலேயே அடங்கிக் கிடந்த ஒரு வைரஸ், காவல் இல்லாத நேரம் பார்த்துத் தலைதூக்கிவிடுகிறது. அத்தகைய வைரஸ்களை எதிர்க்கும் அணுக்களைக் கொடையாளரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து நோயாளிக்குச் செலுத்தும் செல் சிகிச்சையே என் ஆய்வுத் துறை. நான் பிறந்து வளர்ந்தது குன்னூரில்; ஆய்வகம் இருப்பது சமவெளியில். அதனாலேயே நீலகிரியிலிருந்து வரும் குடும்பங்களோடு பேசும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. இந்தச் சிகிச்சை பலிப்பதும் பலிக்காமல் போவதும் இரத்தக் குழாய் எப்படி வந்து சேர்ந்தது, கொடையாளர் இன்னொரு முறை வர ஒப்பினாரா, உள்ளூரில் யார் என்ன ஊசி போட்டார்கள் என்பவற்றை மிகவும் சார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். மஜ்ஜை மாற்றுக்கு ஆயத்தமாகும் குடும்பங்களுக்கும், அவர்களுக்கு உதவும் செவிலியர், களப்பணியாளர்களுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

நீலகிரிக்கும் மஜ்ஜை மாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாளணு இரத்தசோகைக்கான (சிக்கிள் செல்) மரபணு இந்தியாவில் இருப்பது முதன்முதலில் பதிவான இடங்களுள் இந்த மலை ஒன்று. 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடி மக்களிடம் அதைக் கண்டறிந்து வெளியிட்டனர். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் ‘சிக்கிள் செல்’ என்றால் விளக்கம் தேவைப்படாத ஊர்கள் பல இருக்கின்றன. பெரும்பாலோருக்கு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும், காய்ச்சலும் நீரிழப்பும் வராமல் காப்பதுமே சிகிச்சை. அடிக்கடி கடும் வலியோடு மருத்துவமனையில் சேர்பவர்களுக்கும், பக்கவாதம் வந்துவிட்ட குழந்தைகளுக்கும், உடன்பிறந்தவரின் திசு வகை முழுமையாகப் பொருந்தினால் மஜ்ஜை மாற்று நோயையே நீக்கிவிடக்கூடும். ஒவ்வோர் உடன்பிறப்பும் அவ்வாறு பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு. இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் மஜ்ஜை மாற்றுச் செய்துகொள்பவர்களும் இந்த மலையிலிருந்து வருகிறார்கள். நோய் எதுவானாலும், மாற்றுக்குப் பிறகு வரும் வைரஸ் சிக்கல் ஏறத்தாழ ஒன்றுதான்.

மாற்றுக்கு முன்பு கொடுக்கப்படும் கடுமையான மருந்துகள் நோயாளியின் பழைய மஜ்ஜையை அழிக்கின்றன. அதனோடு அவர் வாழ்நாளில் சேர்த்த நோயெதிர்ப்பு ஆற்றலும் பெரும்பகுதி அழிந்துபோகிறது. புதிய இரத்த அணுக்களை உருவாக்கும் கொடையாளரின் தண்டுச் செல்கள் உள்ளே சென்று நிலைபெற்றதும், பாக்டீரியாவை எதிர்க்கும் நியூட்ரோஃபில்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் திரும்பிவிடும். வெள்ளணு எண்ணிக்கை ஏறிவிட்டது என்று அறிக்கை வந்ததும் குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு அழிக்கும் டி செல்கள் அவ்வளவு விரைவில் வருவதில்லை. அவை போதிய வலிமை பெறப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டும் கடந்துவிடும். அதற்கிடையில், புதிய அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்காதிருக்கச் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளைக் கொடுத்தாக வேண்டும். டி செல்களை அடக்குவதே அந்த மருந்துகளின் வேலை. ஆகவே, நோயாளி நடந்து, சாப்பிட்டு, நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் நாட்களிலேயே வைரஸுக்கு எதிரான காவல் மிகக் குறைவாக இருக்கிறது.

இந்த இடைவெளியில் முதலில் எழுவது பெரும்பாலும் சைட்டோமெகலோவைரஸ், சுருக்கமாகச் சி.எம்.வி. இது ஹெர்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதை எப்போதோ பெற்றுவிட்டவர்கள். அது வந்ததும் தெரியாது, உள்ளே தங்கியிருப்பதும் தெரியாது. டி செல் குறைந்தவரின் உடலில் அதே வைரஸ் நுரையீரலையும் குடலையும் விழித்திரையையும் பாதிக்கக்கூடும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் எழுந்தால் நிணநீர்க் கட்டிகள் பெருகும், அடினோவைரஸ் குறிப்பாகக் குழந்தைகளுக்கு ஆபத்தானது, பி.கே. வைரஸ் சிறுநீர்ப்பையில் இரத்தக்கசிவையும் தாங்க முடியாத எரிச்சலையும் உண்டாக்கும். இவற்றை எதிர்க்கும் மருந்துகள் இல்லாமல் இல்லை. சி.எம்.வி.க்குக் கான்சைக்ளோவிர் முதல் மருந்து. ஆனால் அது இப்போதுதான் முளைத்துவரும் புதிய மஜ்ஜையின் அணுக்களையே குறைத்துவிடும். ஃபாஸ்கார்னெட் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சி.எம்.வி. எழாமல் தடுக்கும் லெடெர்மோவிர் 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது நல்ல மருந்து, ஆனால் அதை நிறுத்தியபின் தாமதமாக வைரஸ் எழுவதும் உண்டு. மருந்து வைரஸின் பெருக்கத்தை நிறுத்தி வைக்கிறது. நிலையாக அடக்கி வைப்பது டி செல் மட்டுமே. எங்கள் துறை முழுவதும் நிற்பது இந்த ஓர் உண்மையின் மேல்தான்.

இதைச் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் சியாட்டிலில் பணியாற்றிய ஸ்டான்லி ரிடெல், பிலிப் கிரீன்பெர்க் ஆகியோரின் குழுவினர். கொடையாளரின் இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும், சி.எம்.வி.யை அறிந்த டி செல்களைத் தனியே வளர்த்து மஜ்ஜை மாற்றுச் செய்துகொண்டவர்களுக்குச் செலுத்திய முதல் முடிவுகளை அவர்கள் 1992-இல் வெளியிட்டார்கள். 1995-இல் வெளிவந்த அடுத்த ஆய்வில் 14 நோயாளிகள் இருந்தனர். அவர்களில் ஒருவருக்கும் சி.எம்.வி. நோய் வரவில்லை. அந்த ஆய்வில் என்னை இன்னும் கவர்வது வேறொரு செய்தி. வைரஸைக் கொல்லும் சி.டி.8 வகைச் செல்களை மட்டுமே செலுத்தியிருந்தார்கள். அவற்றுக்குத் துணைநிற்கும் சி.டி.4 செல்கள் நோயாளியின் உடலில் தாமாக வளராதபோது, செலுத்திய செல்களின் ஆற்றல் நாளடைவில் குன்றியது. கொல்லும் செல்லும் துணைச் செல்லும் சேர்ந்தே போக வேண்டும் என்று இன்று நாங்கள் கவனம் எடுப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. அதே 1995-இல் கிளியோனா ரூனி, ஹெலன் ஹெஸ்லாப் ஆகியோர் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு இதே வழி பயன்படுவதைக் காட்டினார்கள்.

ஆய்வகத்தில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ‘மரபணுவை மாற்றி ஏதோ செய்கிறார்கள்’ என்று அஞ்சுகிறார்கள். இதில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை. கொடையாளரின் இரத்தத்தை ஓர் அடர்த்தியான திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றி மையவிலக்கியில் சுழற்றினால், சிவப்பணுக்கள் அடியில் இறங்கிவிடும். மேலே மஞ்சள் நிறப் பிளாஸ்மா நிற்கும். இரண்டுக்கும் இடையில், பால் மேல் படியும் ஆடையைப் போல, மெல்லிய வெண்ணிற வளையம் ஒன்று மிதக்கும். நமக்கு வேண்டியவை அந்த வளையத்தில் இருக்கின்றன. அவற்றுள் சி.எம்.வி.யை அறிந்தவை சிறு பங்குதான். அந்த வைரஸின் பிபி65 என்னும் புரதத்தின் சிறு துண்டுகளைச் சேர்த்ததும், அதை முன்பே அறிந்த டி செல்கள் மட்டும் விழித்துக்கொண்டு இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கும். சுரக்கும் செல்களைக் காந்தத் துகள்களால் பிடித்துப் பிரிப்பது ஒரு வழி. ஒரு நாளில் முடிந்துவிடும். அவற்றை வளர்ப்புக் குடுவையில் பத்து நாள் அளவுக்குப் பெருக்குவது இன்னொரு வழி. பிடித்துப் பிரிக்கும் முறையில் நோயாளிக்குப் போவது, உடல் எடையில் கிலோவுக்குச் சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் செல்கள்தான். மருந்தைப் போல் அல்லாமல், இவை உள்ளே சென்று வைரஸைக் கண்டதும் தாமே பெருகும். அதனால்தான் இவ்வளவு சிறிய அளவு போதுமானதாகிறது.

செல்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்கு எலிஸ்பாட் என்றொரு பரிசோதனை உண்டு. 96 குழிகள் கொண்ட தட்டில், ஒவ்வொரு குழியிலும் செல்களையும் வைரஸ் புரதத்தையும் இட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் நிறமேற்றிப் பார்த்தால், விழித்தெழுந்த ஒவ்வொரு டி செல்லும் தான் அமர்ந்திருந்த இடத்தில் கருநீலப் புள்ளி ஒன்றை விட்டுச் சென்றிருக்கும். புரதம் சேர்க்காத குழி ஏறக்குறைய வெறுமையாக இருக்கும்; சேர்த்த குழியில் புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும். நோயாளியின் இரத்தத்தில் முதலில் ஒன்றிரண்டாகவும் பிறகு கூட்டமாகவும் அந்தப் புள்ளிகள் தென்படுவதைப் பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் பெரும் மகிழ்ச்சி.

கோத்தகிரிப் பகுதியிலிருந்து வந்த ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஊரையும் வயதையும் தவிர்த்துவிடுகிறேன். சிக்கிள் செல் நோய்க்காக அவனுடைய அக்காவின் மஜ்ஜை அவனுக்கு மாற்றப்பட்டது. இரண்டாம் மாதத்தில் சி.எம்.வி. எழுந்தது. கான்சைக்ளோவிர் தொடங்கியதும் வெள்ளணுக்கள் சரிந்தன. ஃபாஸ்கார்னெட்டுக்கு மாற்றியதும், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறத் தொடங்கியது. டி செல் சிகிச்சையே அடுத்த வழி என்று மருத்துவக் குழு முடிவு செய்தது. அதற்கு அக்கா மறுபடியும் மலையிறங்கி வந்து இரத்தம் கொடுக்க வேண்டும். அவள் தேயிலைத் தொழிற்சாலையில் நாட்கூலிக்குப் போகிறவள். முதல் முறை வந்தபோதே பல நாள் கூலி போயிருந்தது. அவர்களுடைய தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஏன் மேடம், பிள்ள ஏற்கெனவே கொடுத்துட்டாளே, அது பத்தலயா? மறுபடி மறுபடி எடுத்தா அவ ஒடம்பு என்னாகும்?” அந்தக் கேள்விக்கு அவசரமாக ஒரு கையொப்பத்தாளை நீட்டுவது பதிலாகாது. முதல் முறை எடுத்தது மஜ்ஜை; இப்போது எடுப்பது கையிலிருந்து இரத்தம்; மயக்க மருந்து இல்லை; அன்றே திரும்பலாம்; எடுக்கும் அளவு சில வாரங்களில் உடலில் மீண்டும் ஊறிவிடும் என்று உட்கார்ந்து சொன்னேன். அவள் மறுத்தால் தம்பியின் சிகிச்சையில் யாரும் குறை வைக்க மாட்டார்கள் என்பதையும் அக்காவிடம் தனியே சொன்னேன். கொடையாளருக்கு மறுக்கும் உரிமை உண்டு என்பதைக் குடும்பத்தார் சூழ்ந்திருக்கும்போது சொன்னால் அது அவர் காதில் விழுவதில்லை. அவள் ஒரு நாள் யோசித்து, வருவதாகச் சொன்னாள்.

இந்தச் சிரமத்தில் பாதியைத் தவிர்க்க முடியும் என்பதால், மாற்றுக்கு ஆயத்தமாகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதைச் சொல்கிறேன். முதல் முறை கொடையாளரிடமிருந்து மஜ்ஜையோ தண்டுச் செல்லோ எடுக்கும்போதே, அதில் சிறு பகுதியையோ தனியே எடுத்த கொஞ்சம் இரத்த அணுக்களையோ பிற்பாட்டுக்காக உறைநிலையில் சேமிக்க வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். எல்லா மையங்களிலும் முடியாது, கேட்டால்தான் தெரியும். அதேபோல் கொடையாளருக்குச் சி.எம்.வி. எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்ற பரிசோதனை அறிக்கையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வைரஸை ஒருபோதும் சந்திக்காத கொடையாளரின் இரத்தத்தில் அதை அறிந்த டி செல் இருக்காது. பிரித்தெடுக்க ஒன்றும் இருக்காது. பொருந்தும் கொடையாளர்கள் இருவர் இருந்தால், நோயாளிக்குச் சி.எம்.வி. இருக்கும் நிலையில், அந்த வைரஸைச் சந்தித்தவரையே தேர்ந்தெடுக்க மருத்துவர்கள் விரும்புவதற்குக் காரணமும் இதுவே.

அடுத்தது இரத்தக் குழாய்கள். மலையிலிருந்து மாதிரி அனுப்பும்போது நடக்கும் குழப்பங்களுள் நான் அதிகம் கண்டது, எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவதுதான். குளிரில் வைத்தால் எதுவும் கெடாது என்ற எண்ணம் இயல்பானது. வைரஸ் அளவைப் பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனைக்கான ஊதா மூடிக் குழாய்க்கு அது பொருந்தலாம். டி செல் பரிசோதனைக்கான பச்சை மூடிக் குழாய்க்கு அது கேடு. அந்தக் குழாயில் இருப்பவை உயிருள்ள செல்கள். ஐஸில் வைத்தால் அவை மறுமொழி சொல்லும் திறனை இழந்துவிடும். அறை வெப்பநிலை என்பது ஏறக்குறைய 18 முதல் 25 டிகிரி செல்சியஸ். ஆனால் டிசம்பர், ஜனவரி மாத விடியற்காலையில் உதகையிலோ கோத்தகிரியிலோ அறையின் வெப்பநிலையே அதற்கு மிகக் கீழே இருக்கும். ஐந்து மணிக்குக் கிளம்பும் பேருந்தில் குழாயை மேலே பைக்குள் போட்டு வந்தால், அது ஐஸில் வந்ததற்குச் சமம். துணியில் சுற்றி, கம்பளிச் சட்டையின் உள்பையில் வைத்துக் கொண்டுவரச் சொல்கிறோம். எடுத்த நேரத்தைக் குழாயின் மேல் எழுத வேண்டும். அன்றைக்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக, ஆய்வகத்தில் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த மாதிரி பெரும்பாலும் வீண். கூடலூர், பந்தலூர்ப் பகுதியினருக்கு வயநாடு வழியாகக் கேரள மையங்கள் அருகில் இருக்கலாம். எங்கே விரைவாகப் போய்ச் சேருமோ அங்கே எடுப்பதே நல்லது, இரத்தம் எடுத்துவிட்டு நெடுந்தூரம் அனுப்புவதைக் காட்டிலும்.

இதோடு சேர்ந்த சிறு செய்தி: சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் அளவு பார்க்க இரத்தம் எடுக்கும் காலையில், எடுப்பதற்கு முன் அந்த மாத்திரையை விழுங்கக்கூடாது. விழுங்கிவிட்டு எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். மருத்துவர் மருந்தைக் குறைப்பார். அதன் விளைவு சில வாரங்களுக்குப் பிறகு தோலில் தடிப்பாகவோ வயிற்றுப்போக்காகவோ வெளிப்படும். மாத்திரையைப் பையில் எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த உடனே சாப்பிட வேண்டும்.

பி.சி.ஆர். அறிக்கையில் வரும் எண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் நூறு நாட்களுக்கு வாரம் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்வது வழக்கம். சென்ற வாரம் 400, இந்த வாரம் 700 என்று கண்டதும் இரவெல்லாம் தூங்காத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பரிசோதனையில் ஏறத்தாழ மூன்று மடங்குக்குக் குறைவான ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது; அது பரிசோதனையின் இயல்பான அசைவாகவே இருக்கக்கூடும். 400 அடுத்த வாரம் 4,000 ஆனால் அது வேறு செய்தி. அதேபோல், முழு இரத்தத்தில் பார்த்த எண்ணையும் பிளாஸ்மாவில் பார்த்த எண்ணையும் ஒப்பிடக்கூடாது. இரு வேறு ஆய்வகங்களின் எண்களையும் நேராக ஒப்பிட முடியாது. ஊரே முடங்கும் மழையில் வழக்கமான இடத்துக்குப் போக முடியாமல் வேறிடத்தில் பார்க்க நேர்ந்தால், அறிக்கையில் ஆய்வகத்தின் பெயரும் மாதிரியின் வகையும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, எண், எடுத்த இடம், அன்றைய மருந்துகள் ஆகியவற்றை வரிசையாக எழுதி வருவது எந்தச் செயலியைவிடவும் எனக்கு உதவியிருக்கிறது. அந்தச் சிறுவனின் அக்கா அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தாள். கோடு போட்டு, மருந்து நிறுத்திய நாட்களைச் சிவப்பு மையில் குறித்திருந்தாள். மருத்துவக் குழு கூடியபோது மேசையில் முதலில் விரிக்கப்பட்டது அதுதான்.

ஸ்டீராய்டு பற்றி எழுதுவதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் முக்கியம். டி செல்களைச் செலுத்த வேண்டுமானால் நோயாளி வாங்கும் ஸ்டீராய்டின் அளவு குறைவாக இருக்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகளில், பிரெட்னிசோலோன் கணக்கில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் வாங்குபவர்களைச் சேர்ப்பதில்லை. காரணம் எளிது: ஸ்டீராய்டு டி செல்லை அழிக்கும்; கொடையாளர் கொடுத்ததும், ஆய்வகம் பிரித்ததும், குடும்பம் காத்திருந்ததும் ஓர் ஊசியில் வீணாகிவிடும். பெரிய மருத்துவமனையில் இது எல்லோருக்கும் தெரியும். ஆபத்து வீட்டுக்கு வந்தபின் இருக்கிறது. இருமல், அரிப்பு, மூச்சிரைப்பு என்று பக்கத்து மருந்துக்கடைக்கோ சிறு மருத்துவமனைக்கோ போனால், கேட்காமலேயே டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டுவிடுவது நம் ஊர்களில் சாதாரணம். உடனே சுகமாகத் தெரியும். அதனால்தான் யாரும் சந்தேகிப்பதில்லை. எனவே ஒவ்வொரு நோயாளிக்கும் கழுத்திலோ சட்டைப் பையிலோ ஓர் அட்டை கொடுக்கிறோம்: ‘எலும்பு மஜ்ஜை மாற்றுச் செய்தவர், எங்களைக் கேட்காமல் ஸ்டீராய்டு தர வேண்டாம், இரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு செய்த இரத்தம் மட்டுமே.’ உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையிலோ, கொடையாளர் அணுக்கள் உடலைத் தாக்கும் நிலையிலோ ஸ்டீராய்டு தேவைப்படலாம். அந்த முடிவை மாற்றுச் சிகிச்சை மருத்துவர் எடுக்க வேண்டும். ஏற்கெனவே எழுதித் தந்திருக்கும் ஸ்டீராய்டை அச்சத்தால் நீங்களாக நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து.

செல் செலுத்தும் நாள் குடும்பத்தினர் எதிர்பார்ப்பதைவிட மிக எளிமையாக முடிந்துவிடும். உறைந்த பையை 37 டிகிரி வெந்நீரில் உருக்கி, சில நிமிடங்களில் ஊசிக்குழாய் வழியே செலுத்துகிறோம். உறைவதற்காகச் சேர்த்திருக்கும் டி.எம்.எஸ்.ஓ. என்ற பொருள் மூச்சில் வெளியேறுவதால் அறையில் பூண்டு வாடை வரும். அது இயல்பு என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. அதற்குப் பிறகு பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். அதுவரை வைரஸ் மருந்தைத் தொடர்வோம். காய்ச்சல், உள்ளங்கையிலும் காது மடலிலும் தொடங்கும் சிவப்புத் தடிப்பு, நீர்த்த வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே தெரிவிக்க வேண்டும். அந்தச் சிறுவனுக்கு மூன்றாம் வாரத்தில் வைரஸ் எண் இறங்கத் தொடங்கியது. பின்னர் எலிஸ்பாட் தட்டில் அவனுடைய குழிகள் நிறைந்தன. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. செலுத்திய செல்கள் தங்காமல் போனவர்களும், வேறு தொற்றால் இறந்தவர்களும் எங்கள் பதிவேட்டில் இருக்கிறார்கள். அதை மறைத்துவிட்டு இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம்.

உலக அளவிலும் நிலைமை அப்படித்தான். கொடையாளரைத் தேடி ஓடாமல், முன்கூட்டியே பலரிடமிருந்து செல்களைத் தயாரித்து உறைய வைத்து, திசு வகை ஓரளவு பொருந்துபவருக்கு உடனே எடுத்துக் கொடுக்கும் வங்கி முறை வந்துவிட்டது. எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் நிணநீர்ப் பெருக்கத்துக்கான டேபெலெக்லூசெல் 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது. மறுபக்கம், பல வைரஸ்களை ஒரே நேரத்தில் குறிவைத்த போசோலூசெல், பாதுகாப்பில் குறையில்லாதபோதும், பலன் நிரூபணமாகும் வாய்ப்பில்லை என்று இறுதிக்கட்ட ஆய்வுகளில் 2023 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அந்தச் செய்தி எங்களுக்கு வருத்தம் தந்தது. ஆயினும் மருந்து பலிக்காத நோயாளிகளுக்கு டி செல் தேவையில்லை என்று அது காட்டவில்லை; யாருக்கு, எந்த நேரத்தில், எந்தச் செல் என்பதை இன்னும் நுட்பமாக அறிய வேண்டும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வங்கி முறைக்கு நம் நாட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மேலை நாட்டுக் கொடையாளர்களின் திசு வகைகள் நம் மக்களுக்குப் போதிய அளவு பொருந்துவதில்லை; நீலகிரிப் பழங்குடியினருக்கு, சமவெளித் தமிழரின் வகைகளே பொருந்தாமல் போகலாம். இந்த மலையிலிருந்தும் கொடையாளர்கள் இடம்பெற்றால்தான் இந்த மலையின் நோயாளிக்கு வங்கி பயன்படும். அதற்கு நம்பிக்கை வேண்டும். ‘எத்தனையோ பேர் வந்து இரத்தம் எடுத்துப் போனார்கள், என்ன கண்டார்கள் என்று திரும்பி வந்து சொன்னவர்கள் குறைவு’ என்று முதியவர்கள் சொல்வதைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வது நியாயம். இனி மாதிரி கேட்டு வருபவர் யாராக இருந்தாலும், எதற்கு, எங்கே வைப்பார்கள், எவ்வளவு காலம், முடிவை யார் வந்து சொல்வார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு அருகே, 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தைக் கடந்து பள்ளிக்குப் போனவள் நான். வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்ட காலம் போய், ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலிருந்து செய்யும் காலம் வந்ததை இந்த ஊர் கண்டிருக்கிறது. வைரஸும் செல் வளர்ப்பும் இந்த மலைக்கு அந்நியமான அறிவு என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

வீட்டைப் பற்றிச் சில குறிப்புகள். மலை வீடுகளில் மழைக்காலத்தில் சுவரிலும் பெட்டியடியிலும் படியும் பூஞ்சை, டி செல் குறைந்தவரின் நுரையீரலுக்கு வைரஸைப் போலவே பகை. நோயாளி வருமுன் அவர் படுக்கும் அறைச் சுவரைத் துடைத்து வெள்ளையடித்துக் காயவிடுங்கள். அந்த வேலை நடக்கும்போது அவர் அங்கே இருக்கக்கூடாது. விறகடுப்புப் புகை, சாணக் குழி, உரக் குவியல், கோழிக்கூடு ஆகியவற்றிலிருந்து முதல் ஆண்டு விலகியிருக்க வேண்டும். வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது சின்னம்மை போட்டிருந்து, நோயாளி அவரோடு ஒரே அறையில் இருந்துவிட்டால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் நான்கு நாட்களுக்குள் தரும் பாதுகாப்பு மருந்துக்கே பலன் அதிகம். வீட்டில் உள்ள மற்ற அனைவரும் ஆண்டுதோறும் இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்வது நோயாளிக்குச் செய்யும் பெரிய உதவி. வீட்டில் கைக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து தரும் நாள் வந்தால், முன்கூட்டியே கிராமச் செவிலியரிடமும் மாற்று மையத்திடமும் கேளுங்கள். சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையிலும் கோத்தகிரிச் சாலையிலும் மண்சரிவு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நூறு நாள் முடியாத நோயாளியை இந்த மாதங்களில் மேலே அழைத்துச் செல்லாமல், மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்கவைப்பதே நல்லது. வாடகை பெரிய சுமைதான். அதனால் மாற்றுச் சிகிச்சையின் நாளைக் குறிக்கும்போதே பருவத்தைப் பற்றிப் பேசுங்கள். சிக்கிள் செல் போன்ற நோயில் சில மாதங்கள் தள்ளிவைக்க இடம் இருக்கும், இரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் இருக்காது. மேலே இருந்தே ஆக வேண்டுமென்றால், இரண்டு வார மருந்து கையிருப்பில் இருக்கட்டும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் கண்டால் காலை வரை காத்திராமல் அப்போதே கிளம்பும்படி வண்டிக்குச் சொல்லி வைத்திருங்கள்.

மாற்றுக்குப் பின் சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பயன் பெரும்பாலும் மறைந்துவிடும். அவற்றை மீண்டும் போட வேண்டும். உயிரற்ற தடுப்பூசிகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கும். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டு ஆண்டுகள் கழிந்து, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் அனைத்தும் நின்ற பிறகே. அட்டவணையை மாற்று மையத்தில் எழுதி வாங்கி, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். அந்தச் சிறுவன் இப்போது அந்த அட்டவணையின் நடுவில் இருக்கிறான். அடுத்த ஊசிக்கான தேதியை அவனுடைய அக்கா அதே நோட்டில் எழுதி, எனக்கும் தொலைபேசியில் சொன்னாள்.